வெறும் சோறா?

கேள்வி: ஜப்பானியர்கள் வெறும் சோறும் பச்சை மீனும் சாப்பிட்டே நூறு வயது வாழ்கிறார்கள். மேல்நாட்டுக்காரர்கள் இறைச்சியும் வெண்ணெயுமாகத் தின்று மாரடைப்பில் போகிறார்கள். இரண்டு சமையலுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன? உங்களுக்குப் பிடித்தது எது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'வெறும் சோறு' என்று எழுதிவிட்டீர்கள். முதலில் அதைப் பேசி முடித்துவிடுவோம்.

வெறும் சோறு தின்றதால்தான் ஜப்பானியர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எடோ என்று பெயர் இருந்த பழைய டோக்கியோவுக்குக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குக் கால் மரத்துப்போகும், வீங்கும், முற்றினால் இதயம் நின்றுவிடும். சொந்த ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும். 'எடோ நோய்' என்றே அதைச் சொன்னார்கள். கிராமத்தில் அவர்கள் தின்றது பார்லியும் சிறுதானியமும் தவிடு போகாத அரிசியும். நகரத்தில் கிடைத்தது தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி. தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடுகிறது, பெரிபெரி என்ற இந்த நோய் வருகிறது. வைட்டமின் என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

1882 கடைசியில் ரியூஜோ என்ற ஜப்பானியப் பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று சுற்றிவரப் புறப்பட்டது. கப்பலில் 376 பேர். அவர்களில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது, 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் படித்துவிட்டு வந்தவர். ஆங்கிலேய மாலுமிகளுக்கு இந்த நோய் வராதது ஏன் என்று யோசித்து, சாப்பாட்டில் கைவைத்தார். 1884இல் ட்சுகூபா என்ற கப்பல் அதே வழியில் போனது. இந்த முறை இறைச்சி, ரொட்டி, பால் எல்லாம் கொடுத்தனுப்பினார். ஒருவர்கூடப் பெரிபெரியால் சாகவில்லை. புரதம் போதாததுதான் காரணம் என்று தகாகி நினைத்தது பிசகு. ஆனாலும் கொடுத்த சாப்பாடு உயிரைக் காப்பாற்றியது. மாலுமிகளுக்கு ரொட்டி இறங்கவில்லை என்றதும், பார்லி கலந்த சோற்றுக்கு மாற்றினார். பின்னாளில் அரசு பிரபுப் பட்டம் கொடுத்தபோது ஜனங்கள் அவரைப் 'பார்லிச் சோற்றுப் பிரபு' என்றே அழைத்தார்கள்.

கடற்படை கேட்டுக்கொண்டது. தரைப்படை கேட்கவில்லை. படையில் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஆறு கோ வெள்ளை அரிசி, அதாவது சுமார் 900 கிராம். ஏழைக் குடியானவனின் மகனைப் படைக்கு இழுத்ததே அந்த வெள்ளைச் சோறுதான். பெரிபெரி ஒரு கிருமியால் வருகிறது என்று தரைப்படை மருத்துவத் தலைமை பிடிவாதமாக இருந்தது. அந்தக் கட்சியில் முன்னால் நின்றவர் மோரி ஓகாய். ஜெர்மனியில் படித்த மருத்துவர், ஜப்பான் இன்றும் கொண்டாடும் எழுத்தாளர். 1904-05 ரஷ்யப் போரில் ஏறத்தாழ 27,000 ஜப்பானியச் சிப்பாய்கள் பெரிபெரியால் மட்டுமே மாண்டார்கள். இருபது வருடம் முன்பே கடற்படை கண்கூடாகக் காட்டிய ஒரு விஷயம்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மோரி ஓகாயின் இலக்கியத்தின் மேல் எனக்கு உள்ள மரியாதை அந்தக் கோபத்தைக் குறைக்கவில்லை.

இந்த இடத்தில் புழுங்கல் அரிசியைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. இந்தப் பக்கத்தில் நான் பல தடவை மல்லுக்கு நின்ற விஷயம்தான், பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் வேலை பார்த்த லெனர்ட் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் சாகிறார்கள். பக்கத்திலேயே வேலை செய்யும் தமிழர்களுக்கு அது வருவதில்லை. காரணம், தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. இன்றைக்கு நம் கல்யாணப் பந்திகளில் புழுங்கல் அரிசிச் சோறு என்றால் முகம் சுளிக்கிறார்கள். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டுமாம். எடோ நகரத்துக்காரனும் அதைத்தான் சொன்னான்.

சரி, நீண்ட ஆயுள். 1947இல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50, பெண்ணுடையது 54. 1951 முதல் 1980 வரை அந்த நாட்டில் அதிகம் பேரைக் கொன்றது பக்கவாதம். ஊறுகாய், மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுது, சோயா சாஸ், உப்பில் போட்ட மீன் என்று உப்பைக் கொட்டித் தின்ற உணவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. உப்பைக் குறைத்தார்கள், ரத்த அழுத்தத்தைக் கவனித்தார்கள். பாலும் முட்டையும் இறைச்சியும் அளவாகத் தட்டுக்கு வந்தன. ஆயுள் ஏறியது அதன் பிறகு. ஜப்பானியரை வாழவைப்பது அவர்களுடைய 'தூய' பழைய உணவு என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அவர்களை வாழவைப்பது கலப்பு.

அந்தக் கலப்பு எப்படி நடந்தது என்பதில்தான் நீங்கள் கேட்ட வேறுபாடு இருக்கிறது. மேல்நாட்டுத் தட்டில் நடுவில் உட்காருவது இறைச்சி. உருளைக்கிழங்கும் ரொட்டியும் அதற்குத் துணை. ஜப்பானில் நடுவில் சோறு, மற்றதெல்லாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. கி.பி. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றைத் தின்னக்கூடாது என்று ஆணை போட்டார். அதன் பிறகு ஆயிரம் வருடத்துக்கு மேல் நாலுகால் பிராணி என்றால் அங்கே ஒரு தயக்கம். 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டார், அதை ஊரறியச் செய்தார்கள். மேல்நாட்டு உணவு உள்ளே வந்தது. ஆனால் வந்த ஒவ்வொன்றையும் சோற்றின் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

'கறி' என்ற மசாலாக் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடமிருந்து ஆங்கிலேயனுக்குப் போய், பொடியாக டப்பாவில் அடைபட்டு, ஜப்பானுக்கு ஆங்கில உணவாகப் போய்ச் சேர்ந்தது. மாவைக் கொழுப்பில் வறுத்து, கறிப்பொடி போட்டுக் கெட்டியாக்கி, சோற்றின் மேல் ஊற்றினார்கள். 1908இல் கடற்படை வெளியிட்ட சமையல் கையேட்டில் கறிச் சோறு இருக்கிறது. இன்றும் ஜப்பானியக் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான். தகாகி சோற்றோடு எதையாவது சேர்க்கப் பாடுபட்டாரே, அந்த வழியில் வந்தது இது.

பச்சை மீனைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கே இன்று குழந்தைகள் ஆசையாகத் தின்னும் சால்மன் சுஷி நார்வேக்காரர்கள் 1980களில் மீன் விற்கப் போய்ப் பழக்கிவிட்டது. அதற்கு முன்பு, புழு இருக்கும் என்று சால்மனை ஜப்பானியர்கள் பச்சையாகத் தொடமாட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது தாஷி, அதாவது ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு. பிரெஞ்சுச் சமையல்காரர் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாறு எடுக்கிறார். ஜப்பானிய வீட்டில் கொம்பு என்ற கடற்பாசித் துண்டைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிடுகிறார்கள். பிறகு கட்சுவோபுஷியைச் சீவிப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் வடிகட்டினால் சாறு தயார். வேலை முழுக்க அந்தக் கட்சுவோபுஷியில் முன்பே முடிந்துவிட்டது. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, பூஞ்சை ஏற்றி மாதக்கணக்கில் காயவைத்தது அது. தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பக்கத்து வாசகர்களுக்கு மாசிக் கருவாடு தெரியும். அதே சூரை, அதே அவியலும் புகையும், பூஞ்சை மட்டும் கிடையாது.

அந்தக் கொம்பிலிருந்துதான் 1908இல் இகேதா கிகுனாயே என்ற டோக்கியோப் பேராசிரியர் குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் அதுவே உப்பாக, அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அது விஷம் என்று எனக்கு எழுதுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதத்தில் கிளம்பிய பயம் அது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் உடம்பு என்னவோ செய்கிறது, காரணம் இதாக இருக்குமோ என்று ஒரு மருத்துவர் சந்தேகம் கேட்டிருந்தார். எந்த உணவில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்தத் தொல்லைகள் சீராக வெளிப்படவில்லை. பார்மிசான் சீஸிலும் பழுத்த தக்காளியிலும் இருப்பது அதே குளுட்டமேட். இத்தாலியன் சீஸைச் சீவினால் ருசி, ஆசியாக்காரன் உப்பாகத் தூவினால் விஷம் என்பதை நான் ஏற்கமாட்டேன். எத்தனை கடிதம் வந்தாலும் சரி.

பிடித்தது எது? டோன்கட்சு. ஐரோப்பியக் கட்லெட்தான் மூலம். அதை வெண்ணெயில் வதக்காமல், 1899இல் டோக்கியோ கின்சாவில் ரெங்காதெய் என்ற உணவகம், மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா மாதிரி எண்ணெயில் முக்கிப் பொரித்தது. பெரிய ரொட்டித் தூள் ஒட்டிய பன்றி இறைச்சித் துண்டு, கத்தியும் முள்ளும் வேண்டாதபடி அடுக்களையிலேயே விரல் அகலத்துக்கு நறுக்கி வரும். பக்கத்தில் மயிரிழையாக அரிந்த பச்சை முட்டைக்கோஸ், ஓரத்தில் காரமான கடுகு, ஆங்கிலேய சாஸிலிருந்து பிறந்த இனிப்பும் புளிப்புமான கெட்டிச் சாஸ், ஒரு கிண்ணம் மிசோ சூப். அப்புறம் சோறு. பல கடைகளில் முட்டைக்கோஸும் சோறும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நான் முட்டைக்கோஸைத்தான் இரண்டாம் முறை கேட்பேன்.