கருவை மண்டிய மேய்ச்சல் நிலத்தை மீட்பது: கேள்வி பதில்

கானாடுகாத்தானுக்குத் தெற்கே எங்களுக்கு 9 ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. தரிசாகக் கிடந்து சீமைக்கருவை மண்டிப்போனதை ஒரு தடவை வெட்டித் தோற்று, மறுபடியும் வெட்டி, இப்போது புல் நிற்கிற நிலமாக வைத்திருக்கிறேன். செம்மறி மேய்கிறது. செலவும் வரவும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: அண்ணே, பூர்வீக நிலம் 6 ஏக்கர் முழுக்கக் கருவை. கரி சுட மூட்டம் போடுகிற ஒருவர், "காசே வேண்டாம், விறகை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுத்தம் பண்ணித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம் தம்பி. ஆனால் "சுத்தம்" என்று அவர் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். விறகுக்கு வெட்டுகிறவர் தரைக்கு ஒரு சாண் மேலே அரிவாளைப் போடுவார். தூர் அப்படியே இருக்கும். முதல் மழைக்கு அந்தத் தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு குச்சி கிளம்பும். முன்பு மரத்துக்கு மரம் நடுவே நடந்து போகவாவது வழி இருந்தது. இப்போது ஆடுகூட நுழையாத புதராகிவிடும். மூன்று நான்கு வருஷத்தில் அவருக்கு அடுத்த வெட்டு தயார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் பிழைப்பு விறகு. உங்களுக்கு வேண்டியது புல்.

நான் முதல் தடவை தோற்றது இதில்தான். விறகு விற்ற பணத்தில் வேலி போட்டேன், ஆடு வாங்கினேன். தூரைத் தோண்டக் கையில் பணமில்லை. இரண்டாம் வருஷம் ஆட்டை விற்றேன்.

அதனால் பேச்சை இரண்டாகப் பிரியுங்கள். விறகை எடை போட்டு விலைக்கே கொடுங்கள். தூர் எடுக்கிற வேலையைத் தனியாகப் பேசுங்கள். மொட்டு விடுகிற இடம் மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதோடு சேர்த்து ஒரு அடி ஆழமாவது தோண்டி எடுத்தால்தான் செத்தது என்று அர்த்தம். மழை பெய்து மண் இளகின மூன்றாம் நாள் கடப்பாரை சுளுவாக இறங்கும். நம் செம்பூரான் மண் காய்ந்துவிட்டால் அதே தூருக்கு அரை நாள் பிடிக்கும். ஜேசிபி வேகமாக முடிக்கும், ஆனால் மேல்மண்ணை அடியில் தள்ளி அடிச்சரளையை மேலே கொண்டுவந்துவிடும். பெருந்தூருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விறகுப் பணத்தில் பாதியைத் தொடாதீர்கள். அது அடுத்த மூன்று வருஷக் களையெடுப்புக்கு. விறகு ஒரு தடவைதான் காசு தரும். புல் வருஷா வருஷம் தரும், ஆனால் முதல் இரண்டு வருஷம் அநேகமாக ஒன்றும் தராது. அந்த இடைவெளியைத் தாண்டப் பணம் இல்லாதவர்தான் நிலத்தை மறுபடி கருவைக்கே விடுகிறார். 6 ஏக்கரும் ஒரே வருஷம் வேண்டாம். ஒன்றரை ஏக்கரில் தொடங்குங்கள்.

காரைக்குடி: விறகாக விற்பதா, மூட்டம் போட்டுக் கரியாக விற்பதா, எது லாபம்?

மண் மூட்டத்தில் நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி எடுக்கலாம். ஆக, ஒரு டன் கரியின் விலை ஐந்து டன் விறகு விலையோடு மூட்டக் கூலியையும் தாண்ட வேண்டும். வாங்குகிற இடம் பக்கத்தில் இருந்தால் விறகு, தூரமென்றால் கரி. எடை குறைவதால் லாரி வாடகை மிச்சமாகும்.

கட்டைவிரல் பருமனுக்குக் கீழே உள்ள மிலாறைக் கொளுத்தாதீர்கள். தோண்டின இடத்தில் பரப்பிவிட்டால் முள்ளுக்குப் பயந்து ஆடு வராது. அதன் நிழலில் புல் முளைக்கும்.

தேவகோட்டை: ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் இதே பிரச்சினை என்று படித்தேன். அங்கேயும் கருவைதானா?

முக்கியமாக அங்கே தொல்லை தருவது வெளியிலிருந்து வந்த மரமே இல்லை தம்பி, அந்த மண்ணின் முள்மரங்கள். அதில் ஒன்று நம் விடத்தேரை! இங்கே கண்மாய்க்கரையில் சாதுவாக நிற்கிற அதே மரம். மாட்டை அளவுக்கு மீறி மேய்த்துப் புல் அழிந்தது. புல் இல்லாததால் கோடைத் தீ ஓடவில்லை. தீ ஓடாததால் முள்கன்று பிழைத்தது. ஒரு மாட்டுக்கு 10 ஹெக்டேர் போதும் என்றிருந்த இடத்தில் 20, 30 ஹெக்டேர் தேவைப்படுகிறது. பாதிக்கப்பட்ட பரப்பு கோடிக்கணக்கான ஏக்கர்.

அங்கேயும் வெட்டின மரம் கரியாகி ஐரோப்பாவுக்கு அடுப்புக்கரியாகக் கப்பலேறுகிறது. சிவிங்கிப்புலிகளைக் (சீட்டா) காக்கிற ஒரு அமைப்பு முள்மரத்தைப் பொடியாக்கி எரிகட்டை செய்து விற்கிறது. சிவிங்கிப்புலிக்கு ஓடித் துரத்தத் திறந்தவெளி வேண்டுமே! அவர்களுக்கும் பெரிய சிக்கல், வெட்டின பிறகு துளிர்க்கிறதை யார் செலவில் அடக்குவது என்பதுதான்.

மரத்தை அடியோடு ஒழிப்பது அவர்கள் நோக்கமில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தை ஒரு மரம் என்று கணக்கிட்டு, ஹெக்டேருக்கு மர எண்ணிக்கை அந்த ஊர் வருஷ மழை மில்லிமீட்டரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். 400 மில்லிமீட்டர் மழைக்கு 800. அந்த எண்ணை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் உடைமரம், வெள்வேல், விடத்தேரையை விட்டுவைத்துவிட்டுச் சீமைக்கருவையை மட்டும் எடுங்கள் என்று நான் சொல்வது அதே யோசனைதான்.

திருப்பத்தூர் பக்கம், 80 ஆடு வைத்திருப்பவர்: எல்லாரும் வெட்டு வெட்டு என்கிறீர்கள். சித்திரையில் என் ஆட்டுக்குக் கருவைக்காயைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி ஐயா. இதைக் கேட்காமல் போடுகிற எந்தத் திட்டமும் நிற்காது. குஜராத்தில் கட்ச் பகுதிப் பன்னி புல்வெளி, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். உப்புப் பாலை பரவாமல் தடுக்க 1961-இல் இதே மரத்தை வனத்துறை நட்டது. அது புல்லை விழுங்கி எருமைக்காரர்களை ஒடுக்கியது. ஆனால் பிறகு கரி சுட்டே பிழைக்கிற குடும்பங்களும் அங்கே உண்டாகிவிட்டன. ஒரேயடியாக அழித்தால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும்.

உங்களுக்கு என் யோசனை: காயை மரத்தடியில் மேயவிடாமல் பொறுக்கி, காயவைத்து, அரைத்துப் போடுங்கள். பழுத்த மஞ்சள் காயைக் கடித்துப் பாருங்கள், வெல்லம் மாதிரி இருக்கும். அந்த இனிப்புதான் தீவனம். விதை முழுசாக உள்ளே போனால் முழுசாகவே வெளியே வந்துவிடும். போன வைகாசியில் காய்ந்த சாணம் ஒன்றை உடைத்துப் பார்த்தேன், பளபளவென்று 14 விதை. நாமே உரம் போட்டு விதைக்கிற மாதிரிதான். அரைத்தால் விதை சாகும், அதன் சத்தும் சேரும். மற்றத் தீவனத்தோடு கலந்தே போடுங்கள். காயையே வயிறு நிறையத் தின்னும் மாடுகளுக்குத் தாடை இயங்காமல் போவதுண்டு. உங்கள் இடத்தில் கடைசியாக வெட்ட வேண்டியது காய் நிறையப் பிடிக்கிற பெரிய மரங்களை. முதலில் குத்துச்செடியை எடுங்கள்.

புதுவயல்: கருவை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது என்கிறார்களே?

இல்லை. வேர்தான் ஆழமாகப் போகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் இதன் உறவுமரம் ஒன்றின் வேரை ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். இல்லாத பழியைப் போட்டால் உள்ள குறையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு சகோதரி: எந்தப் புல் விதைப்பது?

காங்கேயம் பக்கம் போய்க் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள் அம்மா. கிளுவை வேலி, நடுவே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல். காசு அதிகம் போடாமல் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. கொழுக்கட்டைப் புல் ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, கூடவே முயல் மசால் என்கிற பயறுவகைத் தீவனச் செடி. முயல் மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிஷம் வைத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். புரட்டாசி மழையைப் பிடித்து விதையுங்கள். முதல் வருஷம் ஆட்டை விடாதீர்கள், அறுத்துப் போடுங்கள். விதை உதிர்ந்தபின் அறுத்தால் அடுத்த வருஷம் விதைக்காசு மிச்சம்.

குன்றக்குடி: எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு முழுக்கக் கருவை. ஏலம் விட்டு வெட்டினார்கள், மறுபடி மண்டிவிட்டது. என்ன செய்வது?

ஏலத்தில் விறகுக்கு விலை வைத்தார்கள், தூருக்கு வைக்கவில்லை. அடுத்த ஏலத்தின்போது ஊர்க்கூட்டத்தில் எழுந்து, ஏலப்பணத்தில் ஒரு பங்கு இரண்டு வருஷம் தூர் எடுக்கவும் கன்று பிடுங்கவும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். கார்த்திகையில் ஈர மண்ணில் முளைத்த கன்றை இரண்டு விரலால் பிடுங்கலாம். ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை வேண்டும்.

இன்னொன்று, இந்தப் பக்கத்துப் புலிக்குளம் மாட்டுக் கிடைக்காரர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மேய்ச்சல் சுருங்கினதால் மந்தையைக் குறைத்தவர்கள் அவர்கள். மந்தையை இரவில் வயலில் அடைத்துக் கிடை போட்டால் ஊருக்கு எரு. அந்த நிலத்தில் புல் நிற்பதால் நேரடி லாபம் அடைகிறவர்கள் காவல் இருந்தால், கூலி கொடுத்துக் காவல் போடுகிற செலவு ஊருக்கு இல்லை. ஒன்றே ஒன்று: வெளியூரில் காய் தின்றுவிட்டு வருகிற மந்தையை ஒரு வாரமாவது ஒரே இடத்தில் அடைத்துவிட்டு அப்புறம் புல்லுக்குள் விடச் சொல்லுங்கள். அடைத்த இடத்தில் முளைக்கிறதை மட்டும் பிடுங்கினால் போதும்.