வீட்டைவிட ரோடு உயரமாகிவிட்டது: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தெரு, சாக்கடை, கவுன்சிலர் பற்றித்தான். நகராட்சி ஆபீசில் 27 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் (இரண்டு அர்த்தத்திலும்தான்) இவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பதில் எழுதுகிறேன். ஜாதகம், முட்டிவலி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் போன மாதம் புது ரோடு போட்டார்கள். வாசலில் இரண்டு படி இருந்தது, இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது. மழை வந்தால் தண்ணீர் நேராக ஹாலுக்குத்தான். ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) கேட்டால் வேலை முடிந்தது, பில்லும் போய்விட்டது என்கிறார். கவுன்சிலர், 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்கிறார். முன்னாடி எங்களுக்கு யார் சார் சொன்னார்கள்?
– வாசகி, மடிப்பாக்கம்

கவுன்சிலர் சொன்னதைக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும், ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது அம்மா. ஜல்லி லாரி வந்து தெருமுனையில் நிற்கும் அன்றுதான் உங்களுக்கு ரோடு வருவது தெரியும். ஆபீசில் அதற்குள் அதன் கதையே முடிந்திருக்கும். யாரோ மனு கொடுத்து, ஏ.இ. வந்து டேப் பிடித்து, எஸ்டிமேட் எழுதி, நிர்வாக அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, ஒர்க் ஆர்டர் கொடுத்து, அப்புறம்தான் லாரி. உங்கள் வாசல்படியின் தலையெழுத்து அந்த எஸ்டிமேட்டில் இருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கும் வேலைக்கு, அதாவது மில்லிங்குக்கு, அதில் ஒரு வரி இருந்தால் காண்ட்ராக்டர் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் தர்மத்துக்கு யாரும் செய்ய மாட்டார்கள், பழைய ரோட்டின் தலைமேலேயே புதிதைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இத்தனைக்கும் 2021-லேயே, அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ரோடு போட வேண்டும், வீடுகளைவிட ரோடு உயரக்கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு இருந்தாலும், உங்கள் தெரு எஸ்டிமேட்டில் அந்த வரி இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத்தாள் போதும், மேலே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். அந்த வேலையின் எஸ்டிமேட் நகலும் எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். 'ரோடு ஏன் உயரமாயிற்று' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விக்குச் சுற்றி வளைத்து ஒரு பதில் எழுதிவிடலாம், நகல் கேட்டால் அதைக் கொடுத்துத்தான் தீர வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது: அதே சட்டத்தில் நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது. மில்லிங் செய்ததாக எம்.புக்கில் எழுதிப் பணமும் வாங்கியிருந்தால், உங்கள் மூழ்கிப்போன படியைப் படம் எடுத்து இணைத்து ஆணையருக்கே எழுதலாம். எஸ்டிமேட்டிலேயே இல்லையென்றால், தெருவுக்கு மழைநீர் வடிகால் கேட்டு அடுத்த எஸ்டிமேட்டுக்கு இப்போதே வரிசையில் நில்லுங்கள்.

மடிப்பாக்கம் என்று பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2011 வரை உங்கள் ஊர் தனி ஊராட்சி. கிராம சபை என்று ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுந்து, 'என்ன கணக்கு இது?' என்று கேட்க முடிந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது உங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மாநகராட்சி ஆன சந்தோஷத்தில், கிராம சபை போனதை யாரும் கவனிக்கவில்லை. நடுவில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள் ராஜ்ஜியம்தான். இத்தனை வருடம் பழக்கம் விட்டுப்போன பிறகு நம்மைக் கேட்டுச் செய்யவில்லையே என்று நாமும், கேட்க யாரும் வரவில்லையே என்று அவர்களும் நிற்கிறோம்.

பகுதி சபா என்று செய்தியில் படித்தேன். அது என்ன? எனக்கு இதுவரை ஓர் அழைப்பும் வந்ததில்லையே?
– வாசகர், கோவை

அழைப்பு வராது சார், கல்யாண வீடா என்ன?

கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்துக்குப் பகுதி சபா. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கும் ஊர்களில் வார்டு குழு அமைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நம் மாநிலத்தில் அதற்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. கிட்டத்தட்ட 30 வருடம். ஃபைல் அவ்வளவு மெதுவாகத்தான் நகரும், உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன். அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். உங்கள் ஊரில் 100 வார்டு, ஒவ்வொன்றிலும் பல பகுதிகள். பகுதியின் வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் சபாவின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒருவரை நியமிக்கிறார்கள் (தேர்தல் இல்லை, நியமனம்தான், அதனால் யார் வருவார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை). அவர்களும் கவுன்சிலரும் சேர்ந்தது வார்டு குழு. எந்த வேலை முதலில், எது அப்புறம் என்று முன்னுரிமை எழுதிக் கொடுப்பதுதான் சபாவின் முக்கியமான வேலை. வருடத்துக்கு நான்கு நாள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் வார்டு அலுவலகத்துக்குப் போய், கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று நீங்களே கேளுங்கள். 'இந்தத் தடவை கூட்டம் இல்லை' என்று பதில் வந்தால், அதையே எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அந்த மனு போன பிறகு கூட்டம் நடக்கும்.

போன முறை பகுதி சபாவுக்குப் போனேன். மொத்தம் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் கட்சிக்காரர்கள். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், டீ வந்தது, முடிந்தது. இனிமேல் எதற்குப் போக வேண்டும்?
– வாசகர், மதுரை

பதினோரு பேர்தான் வந்தார்கள் என்பதற்காகவே போக வேண்டும். ஆயிரம் பேர் வரும் கூட்டத்தில் உங்கள் குரல் எடுபடாது. பதினோரு பேர் வரும் கூட்டத்துக்கு உங்கள் தெருவிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால், கட்சிக்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் அடுத்த தேர்தல் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். ஓர் அங்கன்வாடியில் கூட்டம், சுவரில் அ, ஆ படம், குழந்தைகளின் குட்டி நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தார்கள். ஒருவர் அரைமணி நேரம் ஊழல் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், ஆனால் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) தன் நோட்டில் ஒரு வரி எழுதவில்லை, எழுத அதில் ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், கையில் துணி உலர்த்தும் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் கம்பைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். அதில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. 'ஐப்பசி மழையில தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு தம்பி, மூணு நாளு. மாரியம்மன் கோயில் திருப்பத்துல, டிரான்ஸ்பார்மர் பக்கம்.' அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். ஜே.இ. எழுந்து வந்து டேப்பை எடுத்து நூல் வரைக்கும் அளந்தார். ஒரு அடி ஏழு அங்குலம். எழுதிக்கொண்டார். அன்று அந்தக் கூட்டத்திலிருந்து அவர் நோட்டில் ஏறிய அளவு அது ஒன்றுதான், அடுத்த எஸ்டிமேட்டில் அந்தத் திருப்பத்துக்கு ஒரு கல்வெர்ட், அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம், இருந்தது. கல்வெர்ட் நன்றாகக் கட்டினார்களா என்று கேட்காதீர்கள், அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

அதனால் 'எங்கள் ஏரியாவுக்கு ஒன்றுமே செய்வதில்லை' என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த இடம், எத்தனை அடி, எத்தனை நாள். ஒரே ஒரு விஷயம், இரண்டு நிமிடம். பேசியதைத் தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அப்புறம் கிளம்பிவிடாமல், கூட்டக் குறிப்பில் அது ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். டீயைக் குடித்துக்கொண்டே பார்க்கலாம், தப்பில்லை.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டு வரி கட்டுவது வீட்டுக்காரர்தான். நாங்கள் போய்ப் பேசினால் 'நீ யார்?' என்று கேட்க மாட்டார்களா?
– வாசகி, திருப்பூர்

கேட்டால் வாக்காளர் அட்டையைக் காட்டுங்கள். சொந்த வீடா, வாடகை வீடா என்பது கணக்கே இல்லை, ஓட்டு எங்கே என்பதுதான் கணக்கு. உங்கள் வீட்டுக்காரருக்கு வேறு ஏரியாவில் ஓட்டு இருந்தால், இந்தப் பகுதி சபாவில் உறுப்பினர் அவர் இல்லை, நீங்கள்தான்! வீடு மாறியவர்கள் ஓட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள், படிவம் 8. பழைய வீட்டு முகவரியிலேயே ஓட்டை விட்டு வைத்துவிட்டு இங்கே தெருவிளக்கு எரியவில்லை என்று புலம்பிப் பயனில்லை. அப்புறம், வீட்டு வரி ஏறினால் அது வாடகையில்தானே வந்து விழுகிறது?

1913-க்கு போன் போட்டால் குப்பை எடுக்கிறார்கள், ஆப் வேறு இருக்கிறது. இதற்கு மேல் கூட்டம், மனு எல்லாம் எதற்கு?
– வாசகர், பெரம்பூர்

விளக்கு எரியவில்லை என்றால் 1913. விளக்குக் கம்பம் எங்கே நட வேண்டும் என்பதற்கு எந்த நம்பரும் கிடையாது. குப்பை நிரம்பி வழிந்தால் ஆப்பில் போடலாம். அந்தத் தொட்டியைப் பள்ளிக்கூட வாசலில் வைக்க முடிவெடுத்தது யார் என்று ஆப் சொல்லாது.

எங்கள் வார்டு மகளிர் வார்டு. கவுன்சிலர் அம்மாவை நாங்கள் பார்த்ததே இல்லை. எல்லாம் அவர் கணவர்தான். என்ன செய்வது?
– வாசகி, வேலூர் பக்கம்

பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்தது. அதை 'எங்க வீட்டம்மாதான் கவுன்சிலர்' என்று மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. இதற்கு நாமும் ஒரு காரணம்: மனுவைக் கொண்டுபோய் கணவர் கையிலேயே கொடுக்கிறோம், 'அண்ணே, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க' என்கிறோம். அதை நிறுத்துங்கள். மனுவில் கவுன்சிலரின் பெயரை எழுதுங்கள், நாலு பெண்களாகச் சேர்ந்து வீட்டுக்குப் போய், 'அக்கா கையில கொடுத்துட்டுப் போறோம்' என்று திண்ணையில் உட்காருங்கள். வருவார். இரண்டாவது தடவை அவரே கேள்வி கேட்பார். பெண்கள் நேரடியாக வந்து கேட்கத் தொடங்கிய பிறகு நிமிர்ந்து உட்கார்ந்த கவுன்சிலர்களை நான் பார்த்திருக்கிறேன். கணவரைப் பின்னால் நிற்க வைத்தவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன், அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம்.

உள்ளாட்சி மேடைகளில், சோழர் காலத்து ஊர்த் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாதவர் இல்லை. குடவோலை, முப்பது குடும்பு (அந்தக் காலத்து வார்டு), ஆயிரம் வருடப் பெருமை என்று கை தட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் உறவுக்காரர்களும் வர முடியாது என்று அதே கல்வெட்டில் இருக்கிறது. அந்த வரியை மட்டும் எந்த மேடையிலும் யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளி வாசலில் வேகத்தடை இல்லை. எனக்கு ஓட்டு இல்லை. நான் பகுதி சபாவுக்குப் போகலாமா?
– மாணவி, தஞ்சாவூர்

உறுப்பினராக முடியாது. உன் அம்மாவோ அப்பாவோ உறுப்பினர்தான், அவர்களை முன்னால் விட்டுக் கூடவே போ. போவதற்கு முன்னால் ஒரு வாரம், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நாலு மணியிலிருந்து நாலரை வரை வாசலில் எத்தனை பஸ், எத்தனை லாரி, எத்தனை பைக் போகிறது என்று நீயும் தோழிகளும் எண்ணி ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். அந்த ரோடு மாநகராட்சி ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா என்று முதலில் விசாரித்துக்கொள்; நெடுஞ்சாலையாக இருந்தால் மனு அங்கேயும் ஒன்று போக வேண்டும். கூட்டத்தில் அம்மா பேசட்டும், நோட்டை நீ எடுத்துக் காட்டு. அங்கே யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதிக்கொள். உன் கடிதத்தைப் பார்த்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அந்த ஊர் ஏ.இ. நோட்டைவிடத் தெளிவாகவே இருக்கும்.