ஈட்டா அக்விலே மங்காமல் நிற்பது ஏன்?
கழுகு விண்மீன் குழுவிலுள்ள ஈட்டா அக்விலே ஒளி மாறும் நட்சத்திரமாயிற்றே, நான் பார்க்கும்போது மட்டும் ஏன் மாறவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். பிழை நட்சத்திரத்தில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையில்தான். அது துடிக்கும் நட்சத்திரம்; ஒருமுறை விரிந்து சுருங்கி, ஒளி கூடிக் குறைய ஏறத்தாழ 7.18 நாள் எடுக்கும். கல்லடிக் கடற்கரையிலிருந்து ஒரு மாதமாக ஞாயிறு தோறும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் துடிப்பின் ஏறக்குறைய அதே கட்டம்தான் கிடைக்கும். கிழமைக்கு நாலு மணித்தியால வித்தியாசம் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது!

இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஒன்றுவிட்டு ஒரு இரவாக இரண்டு கிழமை பாருங்கள்.

2. வெறுமனே "பிரகாசம், மங்கல்" என்று எழுதாமல் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிடுங்கள். ஈட்டாவின் ஒளி அளவு உச்சத்தில் 3.5, அடியில் 4.4 (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). அதே குழுவில் திருவோணத்தை ஒட்டியிருக்கும் பீட்டா 3.7, ஈட்டாவுக்குத் தென்மேற்கே அயோட்டா 4.4. உச்சத்தில் பீட்டாவைக் கொஞ்சம் மிஞ்சும், அடியில் அயோட்டாவோடு சமமாகிவிடும். ஏற்றம் வேகம், இறக்கம் மெதுவு.

உச்ச ஒளியில்தான் அது ஆகப் பெரிதாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. வேகமாக விரிந்துகொண்டிருக்கும்போதே உச்சம் வந்துவிடும். முழுதாக உப்பும் நேரத்தில் மேற்பரப்பு ஆறிவிட்டிருக்கும்.

ஒன்று கவனம்: கடலுக்கு மேல் தாழ்வாக நிற்கும்போது ஒப்பிட வேண்டாம், ஈரக்காற்று ஒளியைத் தின்றுவிடும். ஓகஸ்ட், செப்டெம்பர் இரவுகளில் மட்டக்களப்புக்கு அது கிட்டத்தட்ட உச்சிக்கே வரும். பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள், கழுத்து தப்பும். மாரி தொடங்கினால் முகில்தான்.