டென்ட்டுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக்குள்ள டென்ட் அடிச்சு எல்இடி லைட்ல செடி வளக்கறதப் பத்தி காரைக்குடி, தேவகோட்டை சுத்துவட்டாரத்துலேர்ந்து நெறைய கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேத்து, இந்த தடவ பூரா இதுக்கே எடுத்துக்கறேன்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): அண்ணே வணக்கம், எங்களுது பழைய வளவு வீடு, இப்ப நானும் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும்தான் இருக்கோம், ரூம் எல்லாம் சும்மா பூட்டிக் கெடக்கு. பெங்களூர்ல இருக்கற தம்பி 4க்கு 4 அடி டென்ட் வெச்சு லெட்டூஸ், பேசில் எல்லாம் சூப்பரா எடுக்கறான், அதே மாடல நீயும் வாங்குன்னு லிங்க் அனுப்பிட்டான். மாடியில காலி ரூம் ஒண்ணு இருக்கு, அங்க வெக்கலாமா? மொளகாயும் போடலாம்னு ஆத்தா சொல்றாங்க.

பதில்: தம்பிக்கு பெங்களூர்ல நல்லா வருதுன்னா அதுல பாதி டென்ட்டோட புண்ணியம் இல்ல, அந்த ஊர் குளிரோட புண்ணியம். மொதல்ல ஒண்ண மனசுல வெச்சுக்கங்க, டென்ட் குளிர வெக்காது. அது வெறும் துணிப் பெட்டிதான், உள்ள பளபளன்னு வெளிச்சத்த திருப்பி அடிக்கற மைலார், வெளிய கெட்டித் துணி, நாலு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். லைட் எத்தன வாட் கரண்ட் எடுக்குதோ அதுல கிட்டத்தட்ட மொத்தமும் கடைசில சூடாத்தான் மாறும், ஃபேன் எவ்வளவு வேகமா ஓடினாலும் ரூம்ல இருக்கற காத்தத்தான் உள்ள இழுக்க முடியும், அதனால ரூம் 32 டிகிரி இருந்தா உள்ள 34, 35 இருக்கும், அதுக்குக் கீழ ஏசி இல்லாம வரவே வராது. சித்திர, வைகாசியில நமக்கு வெளிய 38, 40 சாதாரணம், மொட்ட மாடிக்கு நேர் கீழ இருக்கற ரூம்னா தளம் பகல் பூரா சூட்டக் குடிச்சு ராத்திரி பூரா கக்கும். அந்த மாடி ரூம மறந்துடுங்க.

உங்க வீட்ல இதுக்குன்னே கட்டின மாதிரி எடம் இருக்கு: கீழ, முற்றத்தச் சுத்தி இருக்கற உள்ரூம். சொவரு தடிமனா, சுண்ணாம்புப் பூச்சு, உசரமான கூரை, தரையும் ஜில்லுனு இருக்கும், நேர் வெயில் படவே படாது. டென்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, ஈரப்பதமும் காட்டற டிஜிட்டல் மீட்டரா இருந்தா நல்லது, ரெண்டு மூணு ரூம்ல மாத்தி மாத்தி ஒரு வாரம் வெச்சு மத்தியானம் எவ்வளவு, விடியக்காலம் எவ்வளவுன்னு குறிச்சு வைங்க. எந்த ரூம் மத்தியானத்துலயும் 30ஐத் தாண்டலையோ அதான் ரூம். இந்த வேலைய யாருமே செய்யறதில்ல, நேரா டென்ட்ட வாங்கிட்டு அப்புறம் செடி வாடுதுன்னு எழுதறாங்க, அதான் எனக்கு ஆதங்கமா இருக்கு.

அடுத்தது காத்து. டென்ட்டுல சூடு மேல நிக்கும், அதனால எக்ஸாஸ்ட் ஃபேன மேல மாட்டணும், கீழ இருக்கற வலை ஜன்னலத் தொறந்து விட்டா அது வழியா ரூம் காத்து தானா உள்ள வரும். பல பேரு தப்பு பண்ற எடம் என்னன்னா, ஃபேன் தள்ளற சூட்டுக் காத்த அதே ரூம்லயே விட்டுடுவாங்க, கதவச் சாத்தினா ரெண்டு மணி நேரத்துல ரூமே சூடாகி அதே காத்து திரும்ப உள்ள போகும். டக்ட் குழாய ரூமோட மேல் ஜன்னல் வழியா வெளிய விட்டுடுங்க, வளைவு எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. 4 இன்ச் இன்லைன் ஃபேன் (குழாயோட நடுவுலயே மாட்டற ஃபேன்) ஒண்ணு, வேகத்தக் கூட்டிக் கொறைக்கற வசதியோட இருந்தா சின்ன டென்ட்டுக்குத் தாராளம். கணக்கு ரொம்ப ஈசி, 2க்கு 4 அடி, 6 அடி உசரம்னா 48 கன அடி, நிமிசத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் காத்து மாறணும், நம்ம ஊருக்கு ரெண்டு தடவ மாறினா இன்னும் நல்லது. அதுபோக உள்ள எலைங்க லேசா ஆடற அளவுக்கு ஒரு சின்ன கிளிப் ஃபேன், அது இல்லன்னா எலைக்கு அடியில ஈரம் தங்கிப் பூஞ்சை வந்துடும், ஐப்பசி கார்த்திக மழையில இத கண்ணால பாக்கலாம்.

அடுத்தது தம்பி சொன்ன 4க்கு 4 சைஸ். மூணு பேரு சாப்பிட 2க்கு 4 போதும். 4க்கு 4ல பின்பக்கம் இருக்கற தொட்டிக்குக் கை எட்டாது, சொவத்த ஒட்டி வெச்சா ஒரு பக்கம்தான் தொறக்க முடியும், தெனம் குனிஞ்சு நிமிந்து இடுப்பு போயிடும். உசரத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 6 அடி வேணும், ஏன்னா தொட்டி ஒரு அடி, செடி ரெண்டு அடி, லைட்டுக்கும் செடிக்கும் நடுவுல ஒண்ணரை அடி, மேல ஃபேன், எல்லாம் சேத்தா அதுவே சரியா வரும். துணி 600டி (நூல் எவ்வளவு தடிமன்னு சொல்ற நம்பர்) இருந்தா சரி, 1680டி இன்னும் கெட்டி, ஆனா துணியோட நம்பர விட ஜிப்பப் பாருங்க, தையல் வழியா வெளிச்சம் ஊசி ஊசியா தெரியுதான்னு பாருங்க, கம்பி சேர்ற மூலை இரும்பா பிளாஸ்டிக்கான்னு பாருங்க, பிளாஸ்டிக் மூலை நாளாக நாளாக விரிசல் விடும். வந்த உடனே செடிய வெச்சுடாதீங்க, புது பிளாஸ்டிக் வாடை போற வரைக்கும் ஜிப்பத் தொறந்து ஃபேன ஓட விடுங்க, அந்த வாடையில எளங்கன்னு வெளுத்துப் போறதுண்டு.

லைட்ட ராத்திரியில ஓட்டுங்க. சாயங்காலம் 6க்குப் போட்டு காலையில 10க்கு அணைஞ்சா 16 மணி நேரம் ஆச்சு, பகல் உச்சியில செடி இருட்டுல தூங்கும், வெளிய சூடு இருக்கறப்ப லைட் சூடும் சேராது. ப்ளக்குல மாட்டற டைமர் போதும். நம்ம பக்கத்துக்கு இத விடச் சின்ன செலவுல பெரிய நன்மை வேற இல்ல.

கடைசியா மொளகா. ஆத்தாகிட்ட பணிவாச் சொல்லுங்க, மொளகாய டென்ட்டுல போட வேணாம். பக்கத்துலயே ராமநாதபுரம் முண்டு மொளகா 2023ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு, அது வெயில்லயும் வறண்ட மண்ணுலயும் வளந்து பேர் வாங்கின பயிர், அதுக்குப் போய் கரண்ட் செலவு பண்ணலாமா? கொல்லையில தொட்டி வைங்க. வெளிய எது வராதோ அதுக்குத்தான் டென்ட்: லெட்டூஸ், பார்ஸ்லி, செலரி, தைம், இத்தாலியன் பேசில். அதுலயும் லெட்டூஸ் வெத சூட்டுல மொளைக்காது, 28, 30 டிகிரி தாண்டினா வெத நல்லா இருந்தாலும் தூங்கிடும், ஈர டிஷ்யூவுல சுத்தி டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல ரெண்டு மூணு நாள் வெச்சுட்டு அப்புறம் குளுமையான எடத்துல மொளைக்க விடுங்க. கார்த்திகையில ஆரம்பிச்சு பங்குனி வரைக்கும் ஓட்டுங்க, சித்திரையில டென்ட்டக் கழுவிக் காய வெச்சு மடிச்சு வெச்சுடுங்க. ஏசி போட்டு லெட்டூஸ் வளக்கறத நான் யாருக்கும் சொல்றதில்ல.

கேள்வி (காரைக்குடி, அபார்ட்மென்ட் வாசகி): 1000 வாட் லைட்னு போட்டு ரொம்ப கம்மி விலைக்கு வருது, வாங்கலாமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? வீட்டுக்காரர் அதுக்குத்தான் பயப்படறாரு.

பதில்: அந்த 1000 விளம்பர நம்பர்ங்க, பழைய பல்போட ஒப்பிட்டுப் போடறது. டப்பாவோட பின்பக்கம் இல்லன்னா விவரத்துல உள்ள போய் நெஜமா எத்தன வாட் இழுக்குதுன்னு பாருங்க, பல நேரம் 100தான் இருக்கும். அது ஏமாத்துன்னு ஒதுக்கவும் வேணாம், ஏன்னா 2க்கு 4 டென்ட்டுல கீரை வகைக்கு நல்ல எல்இடியா இருந்தா நெஜமான 100 வாட் போதும், காய்க்கற செடின்னாதான் 200 வேணும். ஆனா 100 வாட்டுக்கு உண்டான வெலையத்தான் குடுக்கணும்.

பில் கணக்கு இதோ. 100 வாட், 16 மணி நேரம்னா தெனம் 1.6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 96. ஃபேன் 30 வாட் நாள் பூரா ஓடினா இன்னொரு 43. ஆக 140 யூனிட் பக்கம் வரும். உங்க வீட்டு பில் இப்பவே ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட்டத் தொட்டுக்கிட்டு இருந்தா யோசிங்க, நம்ம ஸ்டேட்ல 500ஐத் தாண்டினா கீழ இருக்கற யூனிட்டுக்கும் ரேட் ஏறும், அந்த ஏத்தம்தான் கடிக்கும். வீட்டுக்காரர் பயப்படறதுல நியாயம் இருக்கு, பழைய பில்ல எடுத்து வெச்சு ரெண்டு பேருமா உக்காந்து பாருங்க.

கேள்வி (கானாடுகாத்தான், ஒரு ஆச்சி): பேரன் டென்ட் வாங்கி வெச்சிருக்கான், எங்க வீட்ல ஆத்தங்குடிக் கல்லு, தண்ணி உரம் எல்லாம் கொட்டினா தரை என்னத்துக்கு ஆகும்?

பதில்: ஆச்சி, நீங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி. ஆத்தங்குடிக் கல்லு கண்ணாடி மேல வார்த்துக் கையால செய்யற சிமென்ட் கல்லு, அதுக்குப் புளிப்புதான் எதிரி. எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே வெளுக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? பேரன் தண்ணியோட பிஎச் (புளிப்பு எவ்வளவுன்னு காட்டற நம்பர், கொறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) கொறைக்கன்னு ஒரு பாட்டில் வெச்சிருப்பான், அதுல இருக்கறது ஆசிட், பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட். அத டென்ட் ரூம்ல கலக்கவே வேணாம், கொல்லையில போய் பக்கெட்ல கலந்துட்டு வரச் சொல்லுங்க. டென்ட் அடியில வர்ற தண்ணித் தட்ட மட்டும் நம்பாதீங்க, அதுக்குக் கீழ கெட்டியான ரப்பர் பாய் ஒண்ணு, இரும்புக் காலு நேரா கல்லுல படக்கூடாது, பட்டா துருக்கறை புடிக்கும், அது போகாது. ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியா தட்டு. உரத் தண்ணி சிந்தினா அப்பவே ஈரத்துணியால தொடைச்சுடணும், காஞ்சா உப்பு பூக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன் ஆச்சி, இது தரைய விட முக்கியம். பழைய வீட்ல வயரிங் அந்தக் காலத்து மரப்பட்டையில போயிருந்தா, எர்த் இருக்கான்னு எலக்ட்ரீசியன வெச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டணும். லோடு என்னவோ கம்மிதான், மிக்ஸிய விடவும் கம்மி, ஆனா தண்ணியும் கரண்ட்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு, அதுவும் ஈரக் கையோட தொடற பெட்டி. ஷாக் அடிச்சா டிரிப் ஆகற ஆர்சிசிபி கட்டாயம் வேணும். எக்ஸ்டென்ஷன் போர்ட தரையில போடாம சொவத்துல ஒசரமா மாட்டச் சொல்லுங்க, வயர் கொஞ்சம் தொங்கிட்டு அப்புறம் மேல ஏறி ப்ளக்குல சேரணும், அப்பத்தான் வழியற தண்ணி நடுவுலயே சொட்டிடும். இத முடிக்காம டென்ட்ட ஆன் பண்ண விடாதீங்க.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): போர் தண்ணி ஊத்தறேன், எலை ஓரம் கருகுது. டென்ட்டோட சொவரும் உள்பக்கமா ஒட்டிப் போகுது, பீஸ் டேமேஜா?

பதில்: சொவரு லேசா உள்ள இழுத்துக்கிட்டா ஃபேன் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், டேமேஜ் இல்ல. ரொம்ப ஒட்டினா கீழ இன்னொரு வலை ஜன்னலத் தொறங்க.

எலை கருகறது அனேகமா உப்பு. தண்ணியே உப்பா இருக்கறப்ப அது மேல உரத்தையும் டப்பாவுல சொன்ன அளவுக்கே போட்டா வேர் தாங்காது. தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் சின்ன செலவுதான், வாங்கிப் பாருங்க, 500க்கு மேல காட்டினா மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ பாதி கலந்துக்கங்க. கூரைத் தண்ணிய முற்றத்துல புடிச்சு அண்டாவுல சேத்து வெச்ச ஊரு நம்ம ஊரு, அந்தத் தண்ணி இந்தச் செடிக்கு அமிர்தம். தென்ன நார்க்கழிவுல வளக்கறீங்கன்னா அதுலயும் உப்பு இருக்கும், சிங்கம்புணரிப் பக்கம் கயிறு தொழில் நடக்கற எடத்துலேர்ந்து நேரா வாங்கினீங்கன்னா விலை சல்லிசு, ஆனா நல்ல தண்ணியில மூணு நாலு தடவ அலசிப் பிழிஞ்சுட்டுத்தான் தொட்டியில போடணும். இப்ப இருக்கற தொட்டியில நல்ல தண்ணிய நெறைய ஊத்தி அடியில வழிய விட்டுடுங்க, புது எலை சுத்தமா வந்தா காரணம் அதான். பழைய எலை பச்சையாகாது, கிள்ளிப் போட்டுடுங்க. அப்பவும் கருகினா எலையும் மண்ணும் எடுத்துக்கிட்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க.

கேள்வி (புதுவயல் வாசகி): குருமாவுக்கு வாங்கற கசகசாவ டென்ட்டுல வெதைச்சுப் பாக்கலாமா? வெல ஏறிக்கிட்டே போகுது.

பதில்: வேண்டவே வேண்டாங்க, வெளையாட்டுக்கும் வேண்டாம். கசகசா அபினிச் செடியோட வெத. வெதைய வாங்கிச் சமைக்கலாம், தப்பில்ல, ஆனா செடிய வளக்கறது 1985 போதைப்பொருள் சட்டப்படி குத்தம், மத்திய அரசு லைசென்ஸ் இருக்கறவங்க மட்டும், அதுவும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல குறிச்ச பகுதியில மட்டும்தான் வளக்கலாம். கஞ்சாவுக்கும் அதே சட்டம்தான். டென்ட்டும் லைட்டும் வீட்ல வெச்சிருக்கறது குத்தமே இல்ல, அதுல என்ன வளருதுங்கறதுதான் விஷயம், அக்கம்பக்கத்துல யாராவது கேட்டா ஜிப்பத் தொறந்து காட்டிடுங்க.

கேள்வி (கோத்தமங்கலம் வாசகர்): ரூம்குள்ள குங்குமப்பூ வளத்து லட்சக்கணக்குல சம்பாதிக்கலாம்னு வீடியோவுல சொல்றாங்களே?

பதில்: 1 கிராம் காஞ்ச குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூ வேணும், ஒரு பூவுல மூணே இழைதான், வருசத்துக்கு ஒரே தடவதான் பூக்கும். பூ வெளிய வர்ற நேரத்துல ரூம் 15லேர்ந்து 17 டிகிரி இருக்கணும், நம்ம ஊர்ல அது மார்கழி விடியக்காலத்துலயும் கெடைக்காது, வாரக்கணக்குல குளிரூட்டி ஓடணும். நடறதுக்கு வாங்கற கிழங்கு வெலையும் ஜாஸ்தி. கடன் வாங்கி இதுல எறங்கறதா இருந்தா தயவு பண்ணி வேணாம் தம்பி. ஆசைக்குப் பத்துக் கிழங்கு வாங்கிப் பூ பாக்கறதுன்னா பாருங்க.

கேள்வி (காரைக்குடி, காலேஜ் மாணவி): ஹாஸ்டல் ரூம்ல மைக்ரோகிரீன்ஸ் (மொளைச்ச உடனே கத்தரிச்சு சாப்பிடற குட்டிக் கீரை) வளக்க எந்த டென்ட் வாங்கலாம்?

பதில்: எதுவும் வேணாம்மா. தட்டு, ஈரத்துணி, வெந்தயம் இல்லன்னா கடுகு, வெளிச்சம் வர்ற ஜன்னல் ஓரம் போதும். ஒரு வாரம், பத்து நாள்ல கத்தரிச்சு சாப்பிடலாம். மருந்து பூசின வெதக்கடை வெதைய மட்டும் வாங்கிடாத, அது சாப்பிடறதுக்கு இல்ல, மளிகைக்கடையில சமையலுக்கு விக்கறதையே வாங்கு.