சந்துக்குள் இருக்கும் லாட்ஜுக்கு எப்படிப்பட்ட போர்டு வேண்டும்?

கேள்வி: வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பக்கம், காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் லாட்ஜ் நடத்துகிறோம். முனையிலிருந்து 60 அடி. வாசலுக்கு மேல் 8க்கு 4 அடி பிளக்ஸ் இருக்கிறது. பெயர், கட்டிடப் படம், சாமி படம், ஏ.சி., லிஃப்ட், வெந்நீர், நாலு போன் நம்பர் எல்லாம் போட்டிருக்கிறோம். ஆனாலும் முனையில் நின்று வழி கேட்கிறார்கள். வங்காளிகள்தான் அதிகம் வருகிறார்கள். என்ன மாற்றுவது?

பதில்: உங்கள் பலகை வாசலுக்கு வந்துவிட்டவரிடம் பேசுகிறது. முனையில் பெட்டியோடு நிற்பவருக்குத் தேவை இரண்டே விஷயம்: பெயர், திரும்ப வேண்டிய பக்கம். முதலில் கட்டிடப் படத்தை எடுங்கள். கட்டிடமே அங்கே நிற்கிறதே. வெந்நீரும் லிஃப்ட்டும் வரவேற்பறைச் சுவருக்குப் போகட்டும். போன் நம்பர் ஒன்று போதும்.

எழுத்தின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 60 அடிக்கு 6 அங்குலம். கண் மங்கிய முதியவர்கள் நிறைய வரும் ஊர் என்பதால் 8 அங்குலம் வையுங்கள். இது 'க', 'ப' போன்ற எழுத்தின் உடல் உயரம். மேலே கி, கீ, கீழே கு, மூ என்று நீளும் தமிழுக்கு அந்த ஒரு வரியே 15 அங்குல இடம் கேட்கும். டிசைனர் வரிகளை நெருக்கினால் மேல்வரி எழுத்தின் கீழ்ச்சுழியும் கீழ்வரி எழுத்தின் புள்ளியும் முட்டிக்கொள்ளும், விட வேண்டாம்.

கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில், தமிழ் முதலில் வர வேண்டும் என்பது தமிழக அரசின் விதி. அதன்படி தமிழ் 8, ஆங்கிலம் 5, வங்காளம் 3 அங்குலம். 3 அங்குலம் 30 அடிக்குத்தான் எட்டும். அதனால் சந்து முனையிலும் ஒரு பலகை அவசியம்: 3க்கு 2 அடி, இருபக்கமும் அச்சு, சுவரை ஒட்டாமல் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ரோட்டோடு நடந்து வருபவர் கண்ணில் சுவரோடு ஒட்டிய பலகை விழாது. அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த ஓரத்திலேயே இருக்கட்டும். இருபக்கப் பலகையில் ஒரு முகம் இடது என்றால் மறுமுகம் வலது. அச்சகத்தில் இரண்டையும் ஒரே மாதிரி அடித்துவிடுவது வழக்கமான தவறு. முனைச் சுவர் வேறொருவருடையது என்றால் அவர் சம்மதமும், பொது இடம் என்றால் மாநகராட்சி அனுமதியும் வேண்டும்.

நிறம்: வெள்ளையில் கருநீலம், அல்லது மஞ்சளில் கறுப்பு. சிவப்பில் பச்சை வேண்டவே வேண்டாம். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். வேலூர் வெயிலில் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதைச் சுற்றி மஞ்சள் கோடு, பின்னால் நிழல் என்று அடுக்குவது பிளக்ஸ் கடைகளில் பழகிப்போன வேலை. ண, ஞ, ழ எழுத்துகளின் வளைவுக்குள் அந்தக் கோடுகள் புகுந்து அடைத்துக்கொள்ளும். மிகத் தடித்த ஃபாண்ட்டும் இதையேதான் செய்யும். பளபளப்பு ஷீட் மதியத்தில் கண் கூசும், மேட் கேளுங்கள்.

ஃபைல் கை மாறும்போது 'கொ', 'கை' உடைந்து கொம்பு தனியாக நிற்பது அடிக்கடி நடக்கிறது. எழுத்தை 'கர்வ்' ஆக, அதாவது ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் உடையாத கோட்டு வடிவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். வங்காளத்தில் கூட்டெழுத்துகள் அதிகம், உடைந்தாலும் நமக்குத் தெரியாது. தங்கியிருக்கும் வங்காளி ஒருவரிடம் காட்டிவிட்டு அடியுங்கள்.

அச்சுக்கு முன் ஒரு சோதனை. டிசைனை 9.6 அங்குல அகலத்தில் ஏ4 தாளில் எடுங்கள். அது பலகையில் பத்தில் ஒன்று. 6 அடி தள்ளி ஒட்டி, உங்கள் லாட்ஜ் பெயர் தெரியாத ஒருவரை அழைத்து 2 விநாடி மட்டும் காட்டுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டோ 60 அடியைக் கடக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். பெயரைச் சரியாகச் சொன்னால் அச்சுக்குக் கொடுங்கள். திணறினால் எழுத்தைப் பெரிதாக்கும் முன் இன்னொரு வரியை நீக்கிப் பாருங்கள்.