எட்டு மாதக் குழந்தைக்கு மலம் இறுகினால்

கேள்வி: உசிலம்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது, எடை 7.8 கிலோ. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தேன். அப்போது ஐந்து நாளைக்கு ஒருமுறை போனாலும் இளக்கமாகப் போவான். இப்போது தாய்ப்பாலுடன் வடிகட்டிய கேழ்வரகுப் பால், நேந்திரங்காய்ப் பொடிக் கூழ், பசும்பாலில் ஊறிய பிஸ்கட் ஆகியவற்றைக் கொடுக்கிறோம். ஒரு மாதமாக மூன்று நாளைக்கு ஒருமுறை, முகம் சிவக்க முக்கி அழுது, ஆட்டுப்புழுக்கை போலப் போகிறான். போன வாரம் மலத்தின் மேல் கோடு போல ரத்தம் இருந்தது. அத்தை வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைத்தார்கள், உடனே போய்விட்டான். விளக்கெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கலாம், வசம்பைத் தேனில் உரசிக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது டாக்டர்?

பதில்: உங்கள் மகனுக்கு இருப்பது மலச்சிக்கல்தான். ஆனால், அவன் மூன்று நாளைக்கு ஒருமுறை போகிறான் என்பதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. மலம் ஆட்டுப்புழுக்கை போல இறுகியிருப்பதாலும், அது வெளியேறும்போது அவனுக்கு வலிப்பதாலும் சொல்கிறேன். தாய்ப்பால் மட்டும் குடித்த காலத்தில் ஐந்து நாளைக்கு ஒருமுறை போனதாக எழுதியிருக்கிறீர்கள். அது நோயே அல்ல. பிறந்து ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு வாரம், சில வேளைகளில் பத்து நாள் வரைகூட மலம் கழிக்காமல் இருக்கும். குழந்தை நன்றாகப் பால் குடித்து, சிறுநீர் கழித்து, எடை ஏறி, கடைசியில் போகும்போது மலம் களி போல இளகி வந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாட்களை எண்ணிப் பயந்துகொண்டு என்னிடம் வரும் தாய்மார்கள் அனைவரிடமும் முதலில் நான் கேட்பது, “கடைசியாகப் போனது எப்படி இருந்தது?” என்பதைத்தான்.

இன்னொன்றையும் மலச்சிக்கல் என்று தவறாக எண்ணுவதுண்டு. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை பத்து நிமிடம், கால் மணி நேரம் முகம் சிவக்க முக்கி அழுது, பிறகு இளகலாகப் போகும். வயிற்றை அழுத்தி முக்குவதையும் ஆசனவாயைத் தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய அந்தக் குழந்தை இன்னும் பழகவில்லை என்பதே அதன் காரணம். அதற்கு மருந்து தேவையில்லை, சில வாரங்களில் தானாகவே பழகிவிடும். அந்த நேரத்தில் காம்பையோ சோப்புத் துண்டையோ வைத்து உதவினால், பழக வேண்டியதைக் குழந்தை பழகாமலே போகும்.

உங்கள் வீட்டில் நடந்தது என்னவென்று பார்ப்போம். திட உணவு தொடங்கியதும் குழந்தையின் குடலுக்குள் போகும் பொருளே மாறிவிட்டது. பெருங்குடல் தன்னிடம் தங்கும் கழிவிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இறுகும். ஒருமுறை இறுகிய மலம் வெளியேறும்போது ஆசனவாயின் ஓரத்துத் தோல் லேசாகக் கிழியும். நீங்கள் கண்ட ரத்தக்கோடு பெரும்பாலும் அந்தக் கிழிசலிலிருந்து வந்ததுதான். வலியை உணர்ந்த குழந்தை அடுத்த முறை உந்துதல் வரும்போது காலை விறைத்து, பிட்டத்தை இறுக்கி அடக்கிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது முக்குவதைப் போலவே தெரியும். அடக்க அடக்க மலம் மேலும் இறுகும், இறுக இறுக வலி கூடும். இந்தச் சுழற்சியை அறுப்பதுதான் வைத்தியம்.

இனி நீங்கள் கொடுக்கும் உணவுக்கு வருகிறேன். கேழ்வரகு நல்ல தானியம்; இங்கே பல தலைமுறைப் பிள்ளைகள் அதில் வளர்ந்தவர்கள். ஆனால் அதை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்து பாலை மட்டும் எடுத்துவிட்டு, துணியில் தங்கும் பழுப்புச் சக்கையைக் கொட்டிவிடுகிறோம். மலத்தை இளக்கும் நார்ச்சத்து அந்தச் சக்கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை பிழிந்த பிறகு துணியை விரித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்குப் போய்ச் சேராதது எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். எட்டு மாதக் குழந்தைக்கு வடிகட்ட வேண்டியதில்லை. முளைகட்டி, காயவைத்து, நைசாக அரைத்த மாவைச் சலிக்காமல் கூழாகக் காய்ச்சுங்கள்.

நேந்திரங்காய்ப் பொடி காயிலிருந்து செய்யப்படுவது. பழுக்காத வாழைக்காயின் மாவு மலத்தைக் கட்டும் தன்மையுள்ளது. வயிற்றுப்போக்கில் அது உதவலாம், இப்போது உங்களுக்கு வேண்டாம். பிஸ்கட்டில் இருப்பது மைதாவும் சர்க்கரையும்; அதையும் நிறுத்திவிடுங்கள். பசும்பாலை ஒரு வயது முடியும் வரை குழந்தையின் முதன்மைப் பானமாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து குறைவு, வயிற்றை நிரப்பி மற்ற உணவுக்கு இடமில்லாமல் செய்துவிடும்; சில குழந்தைகளுக்குப் பசும்பாலின் புரதமே மலச்சிக்கலை உண்டாக்கும். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

இவற்றுக்குப் பதிலாக நன்கு குழைந்த பாசிப்பருப்புச் சாதத்தில் கீரையோ பரங்கிக்காயோ சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி நெய் விட்டுக் கொடுங்கள். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுக்கலாம். பழங்களில் நன்கு பழுத்த பப்பாளியும், விதை நீக்கி மசித்த கொய்யாவும் நல்லவை. கொடைக்கானல் பேரிக்காய் சந்தைக்கு வரும் பருவத்தில் அதைத் தோலுரித்து, ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுங்கள். அதில் உள்ள சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருள் குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் தோல் கறுத்துக் கனிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். செங்காயாக இருந்தால் பயனில்லை. எட்டு, பத்து உலர் திராட்சையை இரவில் வெந்நீரில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, அந்தச் சாற்றை இரண்டு மூன்று தேக்கரண்டி கொடுக்கலாம். முழுப் பழமாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு இருந்தால் அதையும் கூழாகக் காய்ச்சிக் கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரை, ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பாலாடையிலோ சிறு டம்ளரிலோ இரண்டு மூன்று மிடறு கொடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 120 முதல் 240 மில்லி வரை போதும். நம் பக்கத்து வெயிலில், சித்திரை வைகாசியில் இதை மறக்கவே கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு அக்கினி நட்சத்திரத்திலும் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது. புட்டிப்பால் கொடுப்பவர்கள் டப்பாவில் குறித்திருக்கும் அளவுக்கு மேல் பால்மாவைக் கெட்டியாகக் கரைக்கக் கூடாது; அதுவும் மலத்தை இறுக்கும்.

கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தை, வாரத்துக்கு இருமுறை 1 மில்லி என்ற அளவில், தொடர்ந்து கொடுங்கள். அதனால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்கு இந்த மருந்துதான் காரணம் என்று எண்ணி நிறுத்திவிட்டால், குழந்தைக்கு ரத்தசோகை வரக்கூடும்.

அத்தை செய்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் பேரன்மேல் உள்ள அன்பினால் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். வெற்றிலைக் காம்பு ஆசனவாயைத் தூண்டி அப்போதைக்கு மலத்தை வெளியேற்றும். ஆனால் மலம் ஏன் இறுகியது என்பதை அது தொடுவதில்லை. ஏற்கெனவே கிழிந்திருக்கும் இடத்தில் காம்பு மீண்டும் உரசும். சோப்புத் துண்டின் காரம் உட்புறச் சவ்வைப் புண்ணாக்கும். ஆகவே இனி எதையும் உள்ளே வைக்க வேண்டாம். மிகவும் அவதிப்பட்டால் கிளிசரின் குச்சி மருந்தை எப்போது, எந்த அளவில் வைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

விளக்கெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. வாயில் ஊற்றும்போது குழந்தை திமிறி அழுதால் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும். எண்ணெயால் வரும் அந்த நிமோனியா எளிதில் ஆறுவதில்லை. வயிற்றுப்போக்கு மிகுந்து உடல் வறண்டுபோவதும் உண்டு. தேனை ஒரு வயது முடியும் வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நோயின் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான், பிறகுதான் பால் உறிஞ்ச முடியாமல் தசைகள் தளரும். மலச்சிக்கலுக்கு மருந்தாகத் தேனைக் கொடுப்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லித் தடுப்பது இதனால்தான். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று அழைத்துவந்தாலும், அதை உரசிக் கொடுப்பதில் அளவு தப்பினால் வாந்தியும் மயக்கமும் வரக்கூடும், தவிர்த்துவிடுங்கள்.

தொக்கம் எடுக்கப் போகாதீர்கள். மதுரைப் பக்கம் இன்றும் இது நடக்கிறது. குழந்தையின் வயிற்றை அழுத்தி, வாயிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டி, சிக்கியிருந்தது வந்துவிட்டது என்பார்கள். குடல் உண்மையிலேயே அடைத்திருக்கும் குழந்தைக்கு அதனால் வீணாகும் சில மணி நேரம் உயிருக்கே ஆபத்தாகும். குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பிக் கல்லாக இறுகினாலோ, விட்டுவிட்டு வீறிட்டு அழுது சிவப்புக் குழம்பு போல மலம் போனாலோ, காய்ச்சலுடன் சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, 108-ஐ அழைத்து உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ உடனே போய்விடுங்கள்.

அவசரமில்லை என்றாலும், உங்கள் மகனை இந்த வாரத்தில் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிழிசலைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டியது அவசியம். பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதன்முதலாகக் கருமலம் போனான் என்று அவர் கேட்பார், நினைவுபடுத்திக்கொண்டு செல்லுங்கள். நிறைமாதக் குழந்தை 48 மணி நேரத்துக்குள் அதைக் கழித்துவிட வேண்டும். தாமதமாகியிருந்தால் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1886-இல் டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்த நோய் அது. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது, அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது. தைராய்டு குறைபாடும் மலச்சிக்கலாக வெளிப்படும். உங்கள் மகன் ஆறு மாதம் வரை சிக்கலின்றிப் போனதும், எடை நன்றாக ஏறியிருப்பதும் இவை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதையே காட்டுகின்றன. மலம் மிகவும் இறுகியிருந்தால் மருத்துவர் லாக்டுலோஸ் போன்ற மருந்தை எடைக்கேற்பத் தருவார். அது பழக்கமாகிவிடும் என்று அஞ்சி, இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். கிழிசல் ஆறி, வலியின் நினைவு குழந்தைக்கு மறையும் வரை, அவர் சொல்லும் காலம் முழுவதும் கொடுங்கள்.

அத்தையின் கைப்பக்குவத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. மாலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் இடுப்பளவு உட்காரவைக்கட்டும். கிழிசலின் வலி தணியும். துடைத்து, காலில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயைச் சூடுபறக்கத் தேய்த்து, குழந்தையின் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, தொப்புளுக்கு மேலாகக் கடந்து, இடப்பக்கம் கீழிறங்கும்படி மெதுவாக நீவிவிடட்டும். பெருங்குடல் செல்லும் வழியும் அதுதான். பிறகு இரண்டு கால்களையும் பிடித்து, சைக்கிள் மிதிப்பது போல மாற்றி மாற்றி மடக்கி நீட்டட்டும். இது பால் குடித்த உடனே வேண்டாம், அரை மணி நேரமாவது கழியட்டும்.