இம்பாலா வேட்டைக்கு ஏற்ற ரைஃபிளும் அதில் ஸ்கோப் பொருத்தும் முறையும்

அன்புள்ள தம்பிக்கு,

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், உடன் பணிபுரிவோர் இந்தக் குளிர்காலத்தில் இம்பாலா மான் வேட்டைக்கு அழைக்கிறார்கள் என்றும், எந்த ரைஃபிள் வாங்கி எந்த ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பொருத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் டர்பனுக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் 15 குளிர்காலங்களைப் புதர்க்காட்டில் கழித்திருக்கிறேன்.

முதலில் சட்டம். இந்நாட்டின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவருக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் உரிமமும் இல்லை. வேலை விசாவில் இருக்கும் நீங்கள் இப்போது எதையும் வாங்க முடியாது. ஆனால் உரிமம் வைத்திருப்பவர் தம் நேரடிக் கண்காணிப்பில் தம்முடைய துப்பாக்கியை உங்களிடம் கொடுக்கலாம். இதைக் குறையாக எண்ணாதீர்கள்; நாலைந்து பேருடைய ரைஃபிள்களைத் தோளில் வைத்துப் பார்த்த பிறகு வாங்குபவருக்குத் தமக்கு எது பொருந்தும் என்பது தெரிந்திருக்கும்.

தோட்டா வகையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இம்பாலாவுக்கும் காட்டுப்பன்றிக்கும் .308 வின்செஸ்டர் தாராளம்; .243 கூடப் போதும். பெரிய தோட்டாவின் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கோப்பில்தான் பலர் தவறுகிறார்கள். புதர்க்காட்டில் மான் பெரும்பாலும் 50 முதல் 120 மீட்டருக்குள் நிற்கும். 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட 3-9×40 அளவே போதுமானது. 56 மி.மீ. முன்கண்ணாடி வாங்கினால், அது துப்பாக்கிக் குழலில் இடிக்காமலிருக்க, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள் உயரமாக இருக்க வேண்டும். வளையம் உயர்ந்தால் கன்னம் கட்டையில் (தோளில் அணைக்கும் பின்பகுதியில்) படியாது. கன்னம் படியாவிட்டால் ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். முன்கண்ணாடிக்கும் குழலுக்கும் இடையே ஏறத்தாழ 3 மி.மீ. விட்டு, தோட்டாவை ஏற்றும் போல்ட்டின் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காத அளவுக்குத் தாழ்வாகப் பொருத்துவதே நல்லது. ஸ்கோப்பின் குழாய் 25.4 மி.மீ. என்றால் வளையமும் அதே அளவு, 30 என்றால் 30. வளையங்களைத் தாங்கி ரைஃபிளில் திருகப்படும் அடித்தளமோ அந்த ரைஃபிள் மாடலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

என் இரண்டாம் ஆண்டில், 80 மீட்டரில் அசையாமல் நின்ற ஓர் இம்பாலாவின் தோளைக் குறிவைத்துச் சுட்டேன். குண்டு வயிற்றில் பட்டது. இரத்தத் துளிகளைப் பின்பற்றி இருட்டும்வரை நடந்து அதைக் கண்டுபிடித்தபோது அது இன்னும் மூச்சுவிட்டுக் கொண்டிருந்தது. மறுநாள் கழற்றிப் பார்த்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு முடுக்கியிருந்த அடித்தளத் திருகாணி விரலாலேயே சுழன்றது. அன்றிலிருந்து திருகாணியையும் துளையையும் எண்ணெய் போகத் துடைத்து, நீலநிறத் திருகுப்பசை ஒரு துளி இட்டபின்தான் அடித்தளத்தை முடுக்குகிறேன். வளையங்களுக்குப் பசை வேண்டாம். இரு பக்கத்து இடைவெளியும் சமமாக இருக்குமாறு மாற்றி மாற்றி, ஸ்கோப்போடு வரும் தாளில் சொன்ன அளவுக்கு (பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும்) முறுக்கு அளக்கும் திருப்புளியால் இறுக்குங்கள்.

கடைசியாக இறுக்குமுன் ஒரு சோதனை. வேட்டைக்குப் போடும் தடித்த குளிர்ச்சட்டையோடு, உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடியபடி ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறவுங்கள். காட்சி முழுவட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கருவளையம் தெரிந்தால் ஸ்கோப்பை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஏறத்தாழ 9 செ.மீ. இல்லாவிட்டால் உதையில் புருவம் கிழியும்.

குறிசரிபார்க்க வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவையே சுடுங்கள். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில், திருகியைச் சுழற்றும்போது கேட்கும் ஒரு சொடுக்கு 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ. நகர்த்தும், குண்டு 7 செ.மீ. தாழ்ந்து பட்டால் மேலே பத்துச் சொடுக்கு. பண்ணையின் மண்சாலையில் குலுங்கிச் சென்றபின், காட்டுக்குள் நுழையுமுன் அங்குள்ள இலக்கில் மீண்டும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள்.

நண்பருடைய ரைஃபிளில் அந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் கருவளையம் தெரிந்ததா என்று எழுதுங்கள். கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.